அக்கம்பக்கம் விசாரித்ததில்

"அவளுக்குக் கை நடுங்கும் சார். நான் சொன்னேன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்று கீழ்வீட்டக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் தாழ்த்திய குரல் எதிர்வீட்டு மொட்டைமாடி வரை கேட்கும் என்பது வேறு விஷயம்.

வந்திருந்தவர் பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை அதிகாரி. மாடிவீட்டு நர்ஸ் அங்கே வேலைக்கு மனு போட்டிருந்தாள். சான்றிதழ்களைச் சரிபார்த்தாகிவிட்டது, இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலும் கேட்டாகிவிட்டது. பாக்கி அக்கம்பக்கம் ஒன்றுதான்.

இவர் தலையை ஆட்டினால் வேலை, இல்லையென்றால் இல்லை. அந்த வேலைக்காக அவள் எவ்வளவு காலமாகத் தவம் கிடக்கிறாள் என்பது அக்காவுக்கும் தெரியும். மனு போட்ட அன்றே ஓடிவந்து அக்காவிடம்தான் முதலில் சொன்னாள், பாவம்.

சும்மா சொல்லக்கூடாது, அக்கா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். மின்விசிறியைத் தட்டிவிட்டு, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, "உட்காருங்க சார்" என்று உபசாரம் பலமாகத்தான் இருந்தது.

"நர்ஸுங்களை ஏத்திட்டு வர்ற எங்க வேன் இந்தப் பக்கம் வராதும்மா. அதனால வேலை கிடைச்சா குவார்ட்டர்ஸும் குடுத்துடுவோம். ஒண்ணாம் தேதியே காலி பண்ணிட்டு வந்துடலாம்" என்று அவர் சொன்னதும்தான் அக்காவின் முகம் சுருங்கியது. பக்கத்து வீட்டில் ஒரு நல்லது நடந்தால் முகம் சுருங்குவது உலகத்தில் புதிதா என்ன? கொளுத்துகிற அந்த வெயிலிலும் சால்வையை முழங்கை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு கடகடவென்று ஆரம்பித்துவிட்டாள்.

"கையும் நடுங்கும், வாயும் நீளம். நோயாளின்னு ஒரு இரக்கம் கிடையாது. ராத்திரி பத்து தடவை எழுப்பினாலும் திரும்பிப் படுத்துக்குவா."

"அவங்க யாருக்காவது ஊசி போட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நானா? அவ ஊசியோட வர்றான்னா அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன் சார்!"

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் தெருவைக் கடப்பதற்குள் அக்கா போனை எடுத்துக் காதில் வைத்தாகிவிட்டது.

எதிர்ச்சாரியில் தையற்காரர் ஒரு கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணா? ஒரு கட்டு ஒழுங்காப் போடத் தெரியாது சார். என் கடைக்கு முதல் நாள் வேலைக்கு வர்ற பையன்கூட அதைவிட நல்லா முடிச்சுப் போடுவான்."

மூன்றாவது வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் ஜன்னல் வழியாகவே தீர்ப்பைச் சொன்னார். "பொறுப்பா? வட்டமா ஒரு பூஜ்யம் போட்டுக்கோங்க. எந்த மாத்திரையை எப்பப் போடணும்னு அவளுக்கே தெரியாது."

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு அக்காவின் வாசலுக்கே திரும்பினார். "எங்க போய் விசாரிச்சாலும் 'தங்கமான பொண்ணு'ன்னுதான் சொல்வாங்கம்மா. ஒரு தெருவே இப்படி ஒரே குரலாத் திட்டி நான் கேட்டதில்லை."

"பார்த்தீங்களா! அந்த அளவுக்கு மோசம்" என்று அக்கா பூரித்துப் போனாள். "பாவம் பார்த்து வேலையைக் குடுத்துடாதீங்க சார். அவ பாட்டுக்கு இங்கேயே கிடக்கட்டும்."

அந்த நேரம் பார்த்துத்தானா அவள் டியூட்டி முடிந்து வரவேண்டும்? தோளில் பையோடு வந்த நர்ஸ், வெயிலுக்கு வாசலோரக் கம்பத்து நிழலில் ஒதுங்கி நின்ற அதிகாரியைக் கவனிக்கவே இல்லை. நேரே அக்காவிடம் போய்ச் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்த வெயில்ல இது எதுக்குக்கா? தீப்புண்ணு புழுங்கக் கூடாதுன்னு காலையில கட்டு மாத்தும்போதே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

அக்காவின் கையில் முழங்கை வரை வெள்ளைவெளேரென்று ஒரு கட்டு. ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு நூல் பிசிறு கிடையாது.

நர்ஸ் எதிர்ச்சாரிக்குத் திரும்பினாள். "டெய்லரண்ணே, அந்தக் கட்டைவிரலைத் தண்ணியில நனைக்கலையே?" மேஜைக்கடியில் இருந்த கை மெல்ல வெளியே வந்து, 'இல்லை' என்று ஆடியது. அதிலும் அதே மாதிரி கட்டு.

மூன்றாவது வீட்டு ஜன்னலுக்கு அவள் வாயைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். "போட்டுட்டேம்மா, சாப்பிட்டதும் போட்டுட்டேன்!" என்று வாத்தியார் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

திருப்தியோடு அவள் மாடியேறிப் போனாள். அக்கா சால்வையை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள், ஏதோ அதை மடித்துவிட்டால் சொன்னதெல்லாம் அதற்குள் போய்விடும் என்பதுபோல.

அதிகாரி போனை எடுத்தார். "மேடம், இந்தப் பொண்ணுக்கு இன்னைக்கே ஆர்டரைப் போட்டுடுங்க. குவார்ட்டர்ஸுக்கு வர்றாங்களோ இல்லையோ, அவங்க இஷ்டம். எதுக்கும் நம்ம வேனை இந்தத் தெரு வழியா விடச் சொல்லுங்க."

அக்காவுக்குச் சால்வை கையிலிருந்து நழுவியது. "இவ்வளவு சொல்லியுமா சார் அவளை எடுக்கறீங்க?"

"இவ்வளவு சொன்னதாலதாம்மா."