சிரிக்காத இரண்டு நிமிடம்

"மணி அடிச்சதும் முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கணும். ரெண்டே நிமிஷம். பிள்ளை அழுதாலும் சிரிக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது. முடியுமாம்மா?"

நர்ஸ் கேட்டதற்கு அவள் தலையாட்டினாள். அவளுடைய பயமே வேறு. பிள்ளை அழுதுவிடுவானோ என்பதல்ல. அழாமலே இருந்துவிடுவானோ என்பதுதான்.

இரட்டைப் பிள்ளைகள், அச்சில் வார்த்த ஒரே முகம். ஆறு மாதம். பெரியவன், அவள் குளிக்கப் போனாலே ஊரைக் கூட்டுவான். சின்னவன் அப்படியில்லை. பிறந்ததும் ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவன். யார் தூக்கினாலும் போவான். எங்கே இறக்கினாலும் இருப்பான். அவளைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதும் அவனுக்கு ஒன்றுதான்.

"இவனுக்கு என்னை அம்மான்னே தெரியலை சிஸ்டர்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முகத்துல காட்டாத பிள்ளைங்க உண்டும்மா. அதான் நெஞ்சுத் துடிப்பைப் பாக்கறோம். நீங்க ஃபாரம் எழுதப் போயிருந்தப்பவே, அப்பா மடியில வச்சு ஸ்டிக்கரை ஒட்டிட்டேன். சட்டைக்குள்ள பொத்தான் அளவுதான் இருக்கும். வயர் கிடையாது. துடிப்பு நேரா பக்கத்து ரூம் மெஷினுக்கு வந்துடும்."

பெரியவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான் கணவன். "இவன் தூங்கிட்டான். நான் வராந்தாக் கோடியில நடந்துட்டிருக்கேன். நீ தைரியமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க. தினமும் என்கிட்ட பழகினதுதானே?"

"போங்க அந்தப் பக்கம்!" அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சின்னவனை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே அமர்ந்தாள். கதவு மூடியது. கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் நர்ஸ். அங்கிருந்து ஒலிபெருக்கி வழியே பிள்ளையின் துடிப்பு சீராகக் கேட்டது. டிக்... டிக்... டிக்...

"நூத்திப் பத்து. ரொம்ப அமைதியான பிள்ளை," என்றாள் நர்ஸ்.

அவள் கை தட்டினாள், பாடினாள், விரல்களை மடக்கி யானை காட்டினாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது.

முகத்தை இறுக்கிக்கொண்டாள். சின்னவன் உதடு பிதுங்கவில்லை. கை நீளவில்லை. இமைகூடத் தட்டவில்லை. அவனுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்து உட்கார வைத்ததுபோல, அவள் முகத்தையே அவளுக்குத் திருப்பிக் காட்டினான். இரண்டு கல் முகங்கள். யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கேட்டது. டிக் டிக் டிக் டிக்... துடிப்பு வேகம் பிடித்தது. மூச்சிரைக்க யாரோ படியேறி ஓடி வருவதுபோல. எதிரே சின்னவனின் முகத்தில் சலனமே இல்லை.

மறுபடி மணி. பாய்ந்து அவனை வாரிக்கொண்டாள். "என் ராசா! அம்மாடா! அம்மா இங்கதான் இருக்கேன்!"

துடிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

நர்ஸ் ஓடி வந்தாள். "நூத்தி எழுபது வரைக்கும் போயிடுச்சும்மா! நீங்க தூக்கின நொடியே இறங்க ஆரம்பிச்சுது. வெளியே காட்டலையே தவிர, உள்ளுக்குள்ள தவிச்சுப் போயிட்டான்."

"என்னைத் தெரியுமாடா? திருட்டுப் பயலே, தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாள் அழ வச்சே?" அவன் கன்னமெல்லாம் முத்தமிட்டாள். அவன் சுவரைப் பார்ப்பதுபோலவே பார்த்தான். இப்போது அது அவளுக்கு வலிக்கவில்லை.

"ஸ்டிக்கரை எடுத்துடலாம் சிஸ்டர், பாவம், உறுத்தும்." சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள்.

நெஞ்சில் ஒன்றுமில்லை. வயிற்றிலும் இல்லை. விலாவிலும் இல்லை.

எந்த மணியும் அடிக்காமலே அவள் முகம் கல்லானது. அடங்கியிருந்த துடிப்பு, ஒலிபெருக்கியில் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

கதவு திறந்தது. "திட்டாதேம்மா, எப்பவும்போல குழம்பி சிஸ்டர்கிட்ட ஆள் மாத்திக் காட்டிட்டேன். ஸ்டிக்கர் பெரியவன் நெஞ்சுலதான் இருக்கு," என்று தோளில் தூங்கித் துவண்டு கிடந்தவனைக் காட்டினான் கணவன். "நல்லவேளை, இவன் இன்னும் கண்ணே திறக்கலை."