நீல அடித்தட்டு

மூன்றாவது ஸ்டேஜ் முடிந்து நிழலுக்கு வந்ததும், மார்லா மடியில் துண்டை விரித்து துப்பாக்கி மேகசின்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஓடிக்கொண்டே சுடுகிற போட்டி; ஸ்டேஜ் என்பது அதில் ஒரு சுற்று. தோட்டா தீர்ந்த மேகசினைக் கீழே உதறிவிட்டு, இடுப்பிலிருந்து அடுத்ததைத் துப்பாக்கியில் செருகவேண்டும். உதறியது கான்சாஸ் புழுதியில் போய் விழும். உள்ளே நாலு மணல் துகள் புகுந்தால் போதும், தோட்டாக்களை மேலே தள்ளுகிற ஸ்பிரிங் பாதி வழியில் முரண்டு பிடிக்கும்.

அதனால் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நடுவில் இதே வேலைதான். பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுக்கவேண்டும். கட்டை விரலால் அழுத்திவிட்டால் ஸ்பிரிங் தயங்காமல் எழுகிறதா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொன்றாகத் தோட்டாவை அழுத்தி நிரப்பி, மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும்.

அந்த முதுகில் வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. துளைக்கு ஒரு தோட்டாவின் அடிப்பாகம் தெரியும். பித்தளை வட்டம், நடுவே வெள்ளிப் பொட்டு.

மஞ்சள் அடித்தட்டு போட்டவை அவளுடையவை. நீலம் அவள் கணவன் டுவைனுடையவை.

அடுத்த ஸ்டேஜுக்குத் தயாராக இருந்த நீல மேகசின் ஒன்றை எடுத்துத் துளைகளைப் பார்த்தாள்.

ஐந்தாவது துளையில் வட்டத்தைக் காணோம். செம்பு மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

தோட்டா முன்பின்னாகத் திரும்பிக் கிடந்தது.

சுற்றும் முற்றும் பார்த்தாள். குழுவிலிருந்தவர்கள் குறி அட்டைகளில் விழுந்த ஓட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்த தோட்டாக்களைத் துண்டில் தள்ளி, திரும்பியிருந்ததை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மே மாதத்திலிருந்து இது நான்காவது.

புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. டுவைன் முப்பத்தொரு வருடமாகச் சுடுகிறவன்.

அது மட்டுமில்லை. காலையில் முட்டையைத் தட்டில் போடும்போது, "இன்னைக்கு என்ன கிழமை, மார்லா?" என்று கேட்டான். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் எதையாவது கேட்கிறான். அவள் முகத்தில் எதையும் காட்டாமல், "சனிக்கிழமை" என்றாள். அவன் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

அவனுக்கு இதை விட்டால் வேறென்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சுடுகிறவன் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். நினைவு தவறுகிற கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது.

போட்டியை நடத்துகிற ரேஞ்ச் அதிகாரி ரோண்டாவிடம் சொல்லவேண்டியதை வாரக்கணக்கில் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"ரோண்டா, டுவைன் பேரை அடிச்சிடு. இனிமே சுட வேண்டாம்."

முதலில் அவனிடம் சொல்லவேண்டும்.

அவன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, இடது கட்டை விரலில் சுற்றியிருந்த பட்டையை நீவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஸ்டிக்கர் சுருளோடு, குழுவிலிருந்த கர்ட்டிஸ் அவனைச் சீண்டிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா சர்ச்சுக்கு மட்டம் போட்டா குறி இப்படித்தான்டா போகும்!"

"நீயுந்தானே மட்டம் போட்ட? போ, போய் ஓட்டைய ஒட்டு."

கர்ட்டிஸ் சிரித்துக்கொண்டே போனதும், மார்லா தோட்டாவை எடுத்து நீட்டினாள்.

"உன் மேகசின்ல திரும்பிக் கிடந்துச்சு, டுவைன். இது நாலாவது தடவை."

அவன் திடுக்கிடவில்லை. அதை வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு துப்பாக்கிப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து ஒரு மிட்டாய் டப்பாவை எடுத்தான்.

உள்ளே தோட்டாக்கள். ஒரு கைப்பிடி இருக்கும்.

"இதெல்லாம் நீ பார்க்கறதுக்கு முன்னாடி நான் பார்த்தது," என்றான். "உன் மஞ்சள்லயும் இருந்துச்சு."

அவள் கொடுத்த தோட்டாவையும் டப்பாவில் போட்டு மூடினான். மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கண்ணு, என் விரலுக்கு ஆபரேஷன் ஆனதுலேருந்து ரெண்டு பேருக்கும் லோடு பண்றது நீதானே."

மார்லா தன் இடது கட்டை விரலைப் பார்த்தாள்.

நகத்தோரம் கறுத்திருந்தது. நுனி காய்ப்பேறிக் கெட்டியாக இருந்தது. இன்று காலையிலேயே வந்த சிவப்பு, தோட்டாவின் விளிம்பு பதிந்த வளைவுகளாக இன்னும் ஆறாமல் கிடந்தது.

"மார்லா! முதல்ல நீதான்!" நான்காவது ஸ்டேஜிலிருந்து ரோண்டா கூப்பிட்டாள். "சீக்கிரம் வா, காத்து அட்டையெல்லாம் பிடுங்கிட்டுப் போயிடும் போல."

இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை அதிகாரி சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. மார்லா இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு நடந்தாள். மேகசின்கள் துண்டின் மேலேயே கிடந்தன. டுவைன் பின்னாலேயே வரும் சத்தம் கேட்டது.

ரோண்டா குனிந்து டைமரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லவேண்டியது தயாராக இருந்தது. பெயரை மட்டும் மாற்றிச் சொன்னாள்.