மூத்தவள்

டைட்டஸ் நீட்டிய கையை லோயிஸ் பிடிக்கவில்லை. இடுப்பளவு பனித்தண்ணீரிலிருந்து தானே தட்டுத்தடுமாறி ஏறி, ரப்பர் படகுக்குள் குப்புற விழுந்தாள்.

"இந்த ஆத்துக்கிட்ட ரோஷத்தைக் காட்டாதம்மா. அது யாருக்கும் பயப்படாது." டைட்டஸ் சிரித்தபடி துடுப்பை எடுத்தார். அறுபது தாண்டிய, வடதுருவப் பழங்குடியான இனூயிட் மனிதர். துடுப்பைக் கையில் பிடித்துவிட்டால் முப்பதுதான்.

படகில் எதிரே, முகத்தை மூடிய கொசுவலைக்குள்ளிருந்து பெர்னார்ட் குரல் கொடுத்தார். டொரன்டோவில் பல் வைத்தியம் பார்த்து ஓய்ந்தவர், வாய் மட்டும் ஓயவில்லை. "அப்பனும் மகளும் சண்டை போடுற மாதிரியே இருக்கு. மூக்குகூட ரெண்டு பேருக்கும் ஒரே அச்சு!"

"எங்கம்மா சீனாக்காரி," என்றாள் லோயிஸ் வெடுக்கென்று.

டைட்டஸ் துடுப்பை ஊன்றித் தள்ளினார். படகு பாறைகளுக்கு நடுவே திரும்பியது.

சீனாக்காரி என்பது பொய். மூக்கு மட்டும் பொய்யில்லை.

கேல்கரியில் அவளை வளர்த்தவள் சாகக் கிடந்தபோதுதான் வாயைத் திறந்தாள். "உன் முதல் பேரு ரோடா. வடக்கே அக்லாவிக் ஊர் டைட்டஸோட பொண்ணு நீ. நெஞ்சுச் சளின்னு ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போனவங்க திரும்பியே பார்க்கலையாம். அங்க இருந்துதான் உன்னை எடுத்துட்டு வந்தோம்."

அந்தப் பெயரை விசாரித்துக்கொண்டே வந்ததில், கோடையில் வெளியூர்க்காரர்களை ஆற்றில் அழைத்துப்போகும் இந்த மனிதர் கிடைத்தார். கேட்பதற்கு அவளிடம் இருந்தது ஒரே கேள்வி: ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கலை? கடைசி நாள், நாலு பேர் முன்னால், முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும்.

ஆனால் அவரோ முதல் ரொட்டியை அவளுக்குத்தான் நீட்டினார். அவளுடைய ஈர பூட்ஸை நெருப்போரம் திருப்பித் திருப்பி வைத்துக் காயவைத்தார். ஊரான் பிள்ளைக்கு இத்தனை கரிசனமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறு கடலைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூடாரம் அடித்தார்கள். மீன் சுட்டுக்கொண்டிருந்தவரிடம் அவள் மெல்லத் தூண்டில் போட்டாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"மூணு. பயலுங்க ரெண்டு பேரும் அக்லாவிக்ல. மூத்தது பொண்ணு." மீனைப் புரட்டிப் போட்டார். "அவ இங்கதான் இருக்கா. நாளைக்கு நடக்கப்போறோமே, அந்தக் குன்றுல."

லோயிஸ் ஒரு சுள்ளியை ஒடித்து நெருப்பில் எறிந்தாள். பின்னால் பிறந்த எவளையோ மூத்தவளாக்கிவிட்டு, இவளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டார்!

"அவளையாவது நல்லாப் பார்த்துக்கிறீங்களா?"

"வருஷம் தவறாம வந்து பார்த்துடுவேன். நீயும் வாம்மா, காட்டுறேன்."

வருகிறேன் என்றாள். அந்தச் செல்ல மகளின் முன்னால் வைத்தே கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் பெர்னார்ட் முழங்கால் வலி என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கலைமான்கள் மிதித்துப் போட்ட தடத்தில் இருவரும் ஏறினார்கள். கால் வைத்த இடமெல்லாம் புல்திட்டு அமுங்கி ஆளைச் சாய்த்தது. முன்னே போனவரின் முதுகைப் பார்த்தபடி அவள் கேள்வியை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே நடந்தாள்.

உச்சியில் வீடு இல்லை. கூடாரம் இல்லை. கடலைப் பார்த்து இரண்டு மரச்சிலுவைகள் நின்றன. ஒன்று பெரிது, ஒன்று முழங்கால் உயரம்.

"அது என் பொண்டாட்டி. இது மூத்தவ." டைட்டஸ் மண்டியிட்டு, சாய்ந்திருந்த சின்னச் சிலுவையை நிமிர்த்தி ஒரு கல்லால் தட்டி இறுக்கினார். "அடியில இருக்கற பனி உப்பி உப்பி இதைத் தள்ளிடுது."

சிலுவையில் வெள்ளைச் சாயத்தில் 'ரோடா' என்று எழுதியிருந்தது.

லோயிஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியே புல்லில் உட்கார்ந்தாள்.

"ஒரு வயசுகூட ஆகல. நெஞ்சுச் சளி. தெக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குன்னு பிளேன்ல தூக்கிட்டுப் போனாங்க. கூட வரோம்னு காலைப் பிடிச்சோம், ஏத்திக்கல. கடுதாசி எழுதிக்கூடப் பார்த்தோம், பதிலே இல்ல. அடுத்த கோடையில இதோ கீழதான் மீன் பிடிச்சிட்டிருந்தோம். பிளேன் வந்துச்சு. பிள்ளை குணமாகி வந்துடுச்சுன்னு என் பொண்டாட்டி தண்ணியில இறங்கி ஓடுறா... ஒரு பெட்டியை இறக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க."

இத்தனை நாள் நெஞ்சில் வைத்து வளர்த்த அந்தக் கேள்வி, அவள் தொண்டையிலேயே செத்துப்போனது.

"உள்ள..." அவள் சிலுவையின் அடியைக் காட்டினாள். "முகத்தைப் பார்த்தீங்களா?"

இல்லை என்று டைட்டஸ் தலையாட்டினார். "ஆணி அடிச்சிருந்துச்சு. பார்க்கலியே, பார்க்கலியேன்னு சொல்லிச் சொல்லியே போன வருஷம் அவ அம்மா கண்ணை மூடினா."

சிலுவையில் ஒட்டியிருந்த மண்ணை உள்ளங்கையால் துடைத்தார். பிறகு, அவள் ஏன் அழுகிறாள் என்று புரியாமல், தேற்றுகிற குரலில் சொன்னார்.

"நோய் பரவும், திறக்கக் கூடாதுன்னுட்டாங்கம்மா."