எடுத்துவைத்த கால் துண்டு

"அவர் வந்துட்டார், தூங்குறார்" என்று பிரிசில்லா பக்கத்து வீட்டு ஜெகதாம்பாளிடம் சொல்லி இருபத்தேழு மணி நேரம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பகல். ஆவடி குவார்ட்டர்ஸின் சமையலறை ஜன்னலில் காகித நட்சத்திரம் காற்றில் உரசிக்கொண்டிருக்கிறது. அவள் தோசைக்கல்லில் இரண்டு பிரட் துண்டுகளை வாட்டுகிறாள். நேற்றைய கோழி வறுவலில் மீந்திருப்பது கணவருக்கென்று எடுத்துவைத்த கால் துண்டுதான். அதை எலும்பு நீக்கி உதிர்த்து, கெட்டித் தயிரும் மிளகும் சேர்த்துப் பிசைந்து, ஒரு பிரட்டின்மேல் பரப்புகிறாள். கேக்கிலிருந்து பொறுக்கிய திராட்சைகளைத் தூவி, மொறுமொறுப்புக்காக ஓர் அச்சு முறுக்கை அதன்மேல் நொறுக்குகிறாள். நேற்று பிரிசில்லா பலகாரம் கொடுத்தனுப்பிய தட்டை வெறுமையாகத் தரக்கூடாதென்று சர்க்கரை போட்டு எடுத்துக்கொண்டு ஜெகதாம்பாள் பின்வாசலில் வந்து நிற்கிறாள்.

"இன்னாம்மா, ரயில்ல வந்த மனுசன் இன்னுமா தூங்கிகினு கீறாரு? கும்பகர்ணன் தோத்தான் போ!" என்று சிரிக்கிறாள். பிறகு அவள் பார்வை கல்லில் விழுகிறது. "அய்ய, நேத்து அவருக்குன்னு மூடி வச்ச காலையா பிச்சுப் போட்டே? எழுந்து வந்து கேட்டா இன்னா சொல்லுவே?"

பிரிசில்லா மற்ற பிரட்டை மேலே வைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்துகிறாள். உள்ளே முறுக்கு நொறுங்குவது கேட்கிறது.

"அவர் வரவேயில்லக்கா."