தங்கமணியின் வலது கை

"என் எண்ணெயில தேறின கை இது. நடுவுல பெட்டிக்காரருக்கு என்ன வேலை?" என்றார் ரவாங் ஊரிலிருந்து வந்த நாட்டு வைத்தியர் கன்னையா.

பெட்டிக்காரர் என்றது ஆஸ்பத்திரி உதவியாளர், டிரசர் ஜெயராஜை. பாட்டரிப் பெட்டியோடு வந்து, ஏழு வயதுத் தங்கமணியின் கையில் வாரம் இரண்டு முறை மின்சாரம் பாய்ச்சுகிறவர். எண்ணெய் தோசைக்கு ஆகும், நரம்புக்கு ஆகாது என்று அவரும் பதிலுக்குச் சொன்னார்.

சண்டை நடந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், கணக்கெழுதும் கிராணி பக்கிரிசாமியின் வீட்டில். அவருடைய ஒரே மகளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துபோயின. கால் சீக்கிரம் தேறியது. கையும் மெல்ல மெல்ல அசைந்து, தட்டிலிருந்து சோறு எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பக்கிரிசாமி பூரித்துப்போய், குணப்படுத்தியவருக்குப் போர்த்த ஒரு பட்டுச் சால்வை வாங்கி வைத்தார். யார் தோளில் என்பதுதான் தகராறு.

அதற்குள் கை பழையபடி மடங்க ஆரம்பித்துவிட்டது. மூன்று வாரமாகப் பாவம், அந்த மனிதருக்குச் சோறே இறங்கவில்லை.

"சால்வை கிடக்கட்டும். நல்லா வந்த கை ஏன் நின்னுபோச்சு? அதைச் சொல்லுங்க" என்றார் பக்கிரிசாமி.

வைத்தியர் பெட்டியைக் குறை சொன்னார், டிரசர் எண்ணெயைக் குறை சொன்னார். அவருக்கு வேறு சந்தேகம். அவருடைய விதவை அக்கா இராஜம்மா, நோயாளிப் பிள்ளை என்றுகூடப் பாராமல் கொடுமைப்படுத்தினாள் என்று அவளைக் கிள்ளானுக்குத் துரத்திவிட்டிருந்தார். சரியாக அவள் ரயிலேறிய நாளிலிருந்துதான் கை மடங்குகிறது. அழுதுகொண்டே போனவள் விட்ட சாபம் என்றார். சாபமேதான் என்று வைத்தியரும் டிரசரும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒத்துப்போனார்கள்.

மனைவி தனலெட்சுமி மகளுக்குச் சோறு வைத்தாள். தங்கமணி இடது கையால் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"அந்தக் கையால கொஞ்சம் எடுத்துப் பாரேன்மா" என்றார் பக்கிரிசாமி.

"இந்தக் கைதான்பா சுலபம். அத்தை இருந்தப்பதான், இடது கையால தின்னா அசிங்கம்னு அதை முந்தானையால முதுகோட சேத்துக் கட்டிப்போடுவாங்க. பசிக்குமில்ல? வேற வழியில்லாம வலது கையால எடுத்துத் தின்னேன்."

டிரசர் பெட்டியை மூடினார். வைத்தியர் குப்பியை மூடினார்.

பக்கிரிசாமி சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிள்ளான் ரயிலைப் பிடிக்க ஓடினார்.