விடுப்பே எடுக்காத ஆசிரியர்

தேர்வறையில் இருந்தவர்கள்: லெய்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த ஆசிரியர் கொர்னேலிஸ், வயது இருபத்து மூன்று. பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கட்டிய கோட்டையில் வேலை பார்க்கும் மாணவன் ஆதிகேசவன், ஐம்பதைத் தாண்டியவன். அவன் மனைவி லோகாம்பாள், ஆசிரியருக்குச் சோறு கொண்டுவந்தவள். ஒரு நண்டு, யாரும் அழைக்காமல் அவள் கூடையிலிருந்து இறங்கியது.

"இன்னா ஆதி, ஆரம்பிக்கலாமா?" என்றார் ஆசிரியர்.

அவர் தமிழ் கற்றது ஆதிகேசவனிடம். அதனால் அது கோட்டைக்குப்பத்து மீனவர் தமிழ்.

ஆதிகேசவனைக் கணிதத்துக்கு இழுத்து வந்தது அறிவுத் தாகம் அல்ல. முழங்கால் வலி.

கோட்டைத் தலைவரான கப்பித்தானின் அறையில் பல்கலைக்கழகப் படிப்பு படித்தவர்கள் மட்டுமே நாற்காலியில் உட்காரலாம். கப்பித்தான் தானாகப் போட்டுக்கொண்ட சட்டம். மற்றவர்கள் நிற்க வேண்டும். ஆதிகேசவன் தினமும் காலையில் போய் நிற்பான். கப்பித்தானோ ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூக்குப்பொடி போடுகிறவர்.

"லெய்டன்காரன் ஒருவன் உனக்குச் சான்று எழுதித் தந்தால் நீயும் உட்காரலாம்" என்று ஒருநாள் கப்பித்தான் சிரித்தார். ஆதிகேசவன் சிரிக்கவில்லை. அன்று மாலையே பாடம் கேட்க உட்கார்ந்துவிட்டான்.

மச்சான் தாமோதரன் குப்பத்தார் முன்னால் சவால் விட்டிருந்தான். "நீ மட்டும் அங்க நாற்காலில குந்து, நான் மீசைய எடுத்துடறேன்."

ஆசிரியர் தங்கமானவர். ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. தாமதமாக வந்ததில்லை. ஏரி பொங்கிக் குப்பமே முடங்கிக் கிடந்த மழையிலும் பாடம் நடந்தது. மாணவன் எப்போது போனாலும் தயாராக இருப்பார்.

வகைக்கெழுச் சமன்பாடுதான் மாணவன் மண்டையில் ஏறவில்லை.

அன்று காலை கப்பித்தான் ஆசிரியருக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தார். தேர்வு முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று ஆதிகேசவன் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தான்.

ஆசிரியர் கேள்வியைச் சுவரில் கரியால் எழுதினார். ஒரு தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். மேலே நல்ல தண்ணீர் விழுகிறது, கீழே கலந்த தண்ணீர் ஒழுகுகிறது. உப்பு பாதியாகக் குறைய எவ்வளவு நேரமாகும்?

"தொட்டிய கவுத்துட்டு வேற தண்ணி புடிக்கச் சொல்லு" என்றாள் லோகாம்பாள்.

"கம்முனு இரு."

ஆதிகேசவன் சுவரிலேயே கணக்குப் போட்டான். ஒரு விடை வந்தது. சரிபார்த்தான். வேறு விடை வந்தது. இரண்டில் எது சரி என்று பார்க்கப் போய் மூன்றாவது ஒன்றும் வந்து சேர்ந்தது.

ஆசிரியர் சின்ன ஜன்னலில் முகத்தை வைத்து, கடலில் நின்ற கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டைக்குப்பத்தில் எந்த வலை எந்த இடத்தில் இறங்குவது என்று சண்டை வந்தால் சீட்டுப் போடுவார்கள். அதற்குப் பாடு என்று பேர். சீட்டில் விழுந்ததை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஆதிகேசவன் மூன்று சிப்பிகளில் மூன்று விடைகளைக் கரியால் கிறுக்கி, சோற்றுக் கூடையில் போட்டுக் குலுக்கினான். லோகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். சுவரில் இருந்த மற்ற இரண்டு விடைகளையும் மேல்துண்டால் அழித்தான்.

ஆசிரியர் திரும்பினார். சுவரைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"ஆதி! சரியா கீதுடா!"

கட்டிப்பிடித்தார். காகிதத்தில் சான்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நண்டை மிதித்தார். அதுவும் அவரைக் கவ்வியது.

லோகாம்பாள் அப்போதே தாமோதரனின் மீசையில்லாத மூஞ்சியை நினைத்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

ஆசிரியர் நேர்மையானவர். அதுதான் அவரைப் பிடித்த சனி.

"ஆனா இந்தச் சான்று பாதி படிப்புக்குத்தான்" என்றார், கால்விரலைத் தடவிக்கொண்டே. "லெய்டன்ல இன்னொரு பாதி கீது. மூணு சமன்பாட்ட ஒண்ணா கட்டி, தெரியாத மூணையும் கண்டுபுடிக்கிற கணக்கு. அத்த முடிச்சாத்தான் நாற்காலி."

"பாதிக்கு இன்னா தருவாங்க?"

"கை குலுக்குவாங்க."

"நின்னுக்கினா?"

"நின்னுக்கினுதான்."

ஆதிகேசவன் முழங்காலைத் தடவினான். "எவ்ளோ நாளாவும் தொரை?"

"புத்திசாலிக்கு மூணு மாசம்." ஆசிரியர் சுவரைப் பார்த்தார், பிறகு மாணவனைப் பார்த்தார். "உனக்கு ஒரு வருசம்."

காலைச் சேதி தொண்டைவரை வந்து நின்றது. ஆதிகேசவன் அதை விழுங்கினான். இந்த முறை சீட்டுப் போடவில்லை.

"நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்" என்று எழுந்தான். ஆசிரியர் உற்சாகமாக எதிர்ச் சுவரில் மூன்று கோடுகள் போட ஆரம்பித்தார்.

வாசலைத் தாண்டியதும் லோகாம்பாள் அவன் காதோடு கேட்டாள்.

"இன்னாய்யா, வெடிமருந்துக் கெடங்குல சுருட்டு புடிச்சதுக்குப் போட்ட தண்டன தீந்துச்சு, பையன வுட்டுடு, சாயங்காலம் கப்பல் ஏறட்டும்னு கப்பித்தான் சொன்னாருன்னியே?"

"சொன்னாரு. நின்னுக்கினேதான் கேட்டேன்."

கதவைச் சாத்தினான். இடுப்பில் தொங்கிய கொத்திலிருந்து பெரிய சாவியைத் தேடி எடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான்.