இறங்காத ஃபேடர்

ஸ்பீக்கர் லாரியின் மேல் உட்கார்ந்திருந்த சுகெங், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இரண்டு விரலால் கீழே இழுத்தான். சத்தம் குறைந்தது. விரலை எடுத்ததும் விர்ரென்று பழைய உயரத்துக்கே ஏறி நின்றது.

அடுத்ததை இழுத்தான். அதுவும் ஏறியது.

எட்டு ஃபேடர். இரண்டு கையால் எத்தனையைப் பிடிப்பது?

லாரி அவன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

முதுகுக்குப் பின்னால் மாடி உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். முன்னால் ஆடிக்கொண்டு போகும் கூட்டம், பின்னால் அடுத்த லாரி. ஆகஸ்ட் சுதந்திர தின ஊர்வலம் என்றால் இந்தோனேசியாவில் மலாங் பக்கம் இப்படித்தான். ஜன்னல் அதிராவிட்டால் லாரிக்குப் பேர் கிடையாது.

நோயாளிகளையும் கைக்குழந்தைகளையும் வேறு ஊருக்கு அனுப்பிவிடும்படி முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லியிருந்தார்கள். சுகெங்கும் காலையிலேயே அப்பாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். ஆபரேஷன் ஆன நெஞ்சு. இந்த இடிச்சத்தம் பக்கத்திலேயே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்படியானால், தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது யார்?

அப்பாதான்.

சுகெங் போனை அழுத்தினான். முதலாளி வியோனோ கூட்டத்துக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். பூட்டிவைத்த சத்த அளவை மாற்றும் வழி அவர் போனில் மட்டும்தான் உண்டு. மணி அடித்தது. இந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்?

எல்லாம் அவனே செய்த வேலை. போன வருடம் ஊர் அதிகாரி ஒருவர் லாரியில் ஏறி, தன் கையாலேயே சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார். வியோனோவுக்கு மானம் போயிற்று.

"எவன் கை வெச்சாலும் இறங்கக் கூடாதுடா. உன் கையா இருந்தாலும்."

மூடிப்போன ஸ்டுடியோவின் சவுண்ட் மிக்ஸர் ஒன்றைக் காயலான் கடையில் பிடித்தான் சுகெங். தானாக நகரும் ஃபேடர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மோட்டார். விரல் பட்டதும் மோட்டார் விட்டுக்கொடுக்கும்படி ஒரு கம்பி இருந்தது. அதை வெட்டி எறிந்தான். மைக்ரோகன்ட்ரோலர் சில்லு ஒன்றை இணைத்து, சொன்ன உயரத்தை விடாதே என்று ப்ரோகிராம் எழுதினான்.

அது சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து ஓடு ஒன்று சரிந்து விழுந்தது.

சுகெங் ஸ்க்ரூடிரைவரை மிக்ஸரின் தகர மூடி இடுக்கில் செருகி நெம்பினான். மூடி பிய்ந்தது. உள்ளே கைவிட்டு, அகப்பட்ட வயரையெல்லாம் கொத்தாகப் பிடித்து இழுத்தான். மோட்டார்கள் செத்தன. முழங்கையால் எட்டையும் ஒரே வீச்சில் கீழே தள்ளினான்.

தெரு ஊமையாயிற்று.

ஆடியவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். என்னவோ பழுது என்று நினைத்து டிரைவர் இன்ஜினை அணைத்தான். சரியாக சுகெங்கின் வீட்டு வாசலில்.

"என்ன சுகெங், உங்க வீட்டுக்கு மட்டும் தாலாட்டா?" எதிர்வீட்டு லஸ்மியாத்தி கேட்டாள். கூட்டம் சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்தார். அப்போதுதான் கவனித்தான். இஸ்திரி போட்ட, விழாவுக்கு உடுத்தும் பாத்திக் சட்டை. கறுப்புத் தொப்பி. அக்கா வீட்டிலிருந்து இதற்காகவே கிளம்பி வந்திருக்கிறார்.

தெருவே கூடி அழைத்த லாரி. மகன் உட்கார்ந்து ஓட்டும் சத்தம். அது ஒரு வீட்டு வாசலில் மட்டும் அடங்கினால், அந்த வீட்டை மனுஷர் வீடாக மதிக்கவில்லை என்று அர்த்தம்.

"எல்லார் வாசல்லயும் அடிச்சே. என் வாசலுக்கு என்னடா கேடு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஏத்து, ஏத்து" என்று கூட்டம் கை தட்டத் தொடங்கியது.

சுகெங் ஃபேடரைத் தொட்டான். இப்போது எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும். சுண்டுவிரலே போதும்.

அப்பா ஒரு கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, தயார் என்பதுபோல் கண்ணை மூடினார்.